சாமான் மாற்றிய பிறகும் பிரேக் சரியில்லையா?

ஓவேலிக் கடைகளுக்கு வரும் அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் மலை ஏறித்தான் வருகின்றன. ஏறினால் மட்டும் போதாது, இறங்கவும் வேண்டும். மேட்டுப்பாளையத்தில் லோடு ஏற்றும் வண்டி குன்னூர், ஊட்டி, பைக்காரா, நடுவட்டம் கடந்து கூடலூருக்கு இறங்கி, அதன் பிறகு பெரியசோலை, எல்லமலை, ஆரோட்டுப்பாறை என்று எஸ்டேட் சாலைகளில் பிரிகிறது. ஊட்டி கடல் மட்டத்துக்கு மேல் 2,240 மீட்டர். கூடலூர் சுமார் 1,100 மீட்டர். லோடோடு சேர்த்து 5 டன் எடையுள்ள வண்டி இந்த உயரத்தை இறங்கும்போது வெளிப்படும் சக்தியைக் கணக்குப் போட்டால், சுமார் 160 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டு வரப் போதுமான சூடு என்று வருகிறது. அதில் ஒரு பங்கை எஞ்சினும் காற்றும் வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதும் நான்கு டிரம்களுக்குள் போகிறது. சமவெளி வியாபாரிக்குப் பிரேக் என்பது வண்டியின் ஒரு பாகம். நமக்கு அதுவே வண்டி.

இந்தக் கட்டுரை பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கானது. 1986-ல் டாடா 407 வந்த நாள் முதல் மலைக் கடைக்காரர்களுக்கு அதுதான் கைவண்டி மாதிரி. பத்து, பதினைந்து வருஷம் ஓடிய 407-களும் அதே ரகத்தைச் சேர்ந்த மற்ற சிறு லாரிகளும் இன்றும் நம் சரக்கைச் சுமக்கின்றன. இவற்றில் அடிக்கடி வரும் புகார் ஒன்று உண்டு. "லைனிங் புதுசு, சிலிண்டர் புதுசு, ஆயில் புதுசு. செலவு செய்ததற்கு முன்னால் இருந்த பிரேக் இப்போது இல்லை" என்பதே அது. சொல்லுகிறவர் கோபமாகச் சொல்லுவார். கேட்கிற மெக்கானிக் இன்னொரு சாமானை மாற்றச் சொல்லுவார். அதையும் மாற்றிய பிறகு புகார் அப்படியே இருக்கும்.

மாற்றியது ஒன்று, கெட்டது மற்றொன்று

பல வண்டிகளைப் பார்த்ததில் நாம் தெரிந்துகொண்டது இதுதான்: சாமான் மாற்றிய உடனே வருகிற பிரேக் கோளாறு பெரும்பாலும் அந்தச் சாமானில் இருப்பதில்லை. அதைப் பொருத்திய விதத்தில் இருக்கும், அல்லது அதைப் பொருத்துவதற்காகக் கழற்றிய மற்றொன்றில் இருக்கும். ஆகவே, "வேலைக்கு முன் இல்லாத கோளாறு வேலைக்குப் பின் வந்திருக்கிறது, இந்த வேலையில் எதையெல்லாம் கழற்றினார்கள்?" என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். அடுத்து எந்தச் சாமானை வாங்கலாம் என்பது பிறகு கேட்க வேண்டியது.

கூடலூர்–ஓவேலித் தடத்தில் ஓடும் பழைய 407 ஒன்றின் கதையைச் சொல்கிறோம். பின் சக்கரம் இரண்டிலும் வீல் சிலிண்டர் ஒழுகியது. இரண்டையும் மாற்றி, ஆயில் ஊறிப்போன லைனிங்கையும் புதிதாக அடித்தார்கள். வண்டி வெளியே வந்தபோது பெடல் முக்கால்வாசி இறங்கிய பிறகுதான் பிடித்தது. "ஏர் இருக்கிறது" என்று மூன்று முறை பிளீட் செய்தார்கள். மாற்றம் இல்லை. "மாஸ்டர் போய்விட்டது" என்று மாஸ்டர் சிலிண்டரை மாற்றினார்கள். அப்போதும் இல்லை. எஸ்டேட் சம்பள வாரத்தில் இரண்டு நாள் வண்டி நின்றது. கடைசியில் பார்த்தால், புது லைனிங் தடிமனாக இருந்ததால் டிரம் உள்ளே ஏறவில்லை என்று ஷூவின் அட்ஜஸ்டரை முழுக்கத் தளர்த்தியிருக்கிறார்கள். டிரம் ஏறியதும் மறுபடி முடுக்கவில்லை. ஸ்பானரை எடுத்து அட்ஜஸ்டரைத் திருப்பிய பத்து நிமிஷத்தில் பெடல் மேலே வந்துவிட்டது. மாஸ்டர் சிலிண்டருக்குக் கொடுத்த பணம் வீண்.

அந்தப் பெடல் முதல் நாளே விஷயத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. முதல் மிதிக்குத் தாழ்ந்தது, உடனே மறுபடி மிதித்தால் உயர்ந்தது. கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பெடல் என்ன சொல்கிறது?

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து காலால் பார்க்கக்கூடிய சோதனைகள் இவை. மெக்கானிக் வேலை தெரிய வேண்டியதில்லை. கடை முதலாளியே செய்யலாம்.

முதல் மிதிக்கு ஆழமாக இறங்கி, அடுத்தடுத்து மிதிக்க உயர்ந்து, உயர்ந்த இடத்தில் கெட்டியாக நின்றால் பெரும்பாலும் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம் என்று பொருள். ஆயில் முதலில் அந்த இடைவெளியை அடைக்கப் போய்விடுகிறது. நான்கு சக்கரத்திலும் அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே அட்ஜஸ்டரை முடுக்கி, ஷூ உரசி நின்றதும், சக்கரம் தாராளமாகச் சுற்றும் அளவுக்குத் தளர்த்துவதே முறை.

எத்தனை தடவை மிதித்தாலும் பஞ்சுத் தலையணையை மிதிக்கிற மாதிரி மெத்தென்று இருந்தால் லைனில் காற்று இருக்கிறது. திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். நம் கால் கொடுக்கிற அழுத்தம் அந்தக் காற்றை அமுக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. பிளீட் செய்யும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்தில் உள்ள சக்கரத்தில் தொடங்கி, அருகில் உள்ளதில் முடிப்பது பொதுவான வழக்கம். நம் நாட்டு வண்டிகளில் ஸ்டியரிங் வலது பக்கம். எனவே இடது பின் சக்கரம், வலது பின் சக்கரம், இடது முன் சக்கரம், வலது முன் சக்கரம் என்று வரும். கம்பெனிப் புத்தகம் வேறு வரிசை சொன்னால் அதன்படிதான் செய்ய வேண்டும். நடுவில் ஆயில் டப்பா வற்றிவிட்டால் மறுபடி காற்று புகுந்துவிடும், செய்த வேலை அத்தனையும் போச்சு. புது மாஸ்டர் சிலிண்டரை வண்டியில் பூட்டும் முன்பே வைஸில் பிடித்து, அதற்குள் இருக்கும் காற்றைத் தனியாக எடுத்துவிட வேண்டும். இந்த ஒரு வேலையைப் பல பட்டறைகளில் விட்டுவிடுகிறார்கள். பிறகு நாள் முழுக்கப் பிளீட் செய்கிறார்கள்.

அட்ஜஸ்ட் முதலில், பிளீட் பிறகு. இந்த வரிசை மாறினால் இடைவெளியால் வந்த தாழ்ந்த பெடலைக் காற்று என்று நினைத்து ஆயிலை வீணடிப்போம்.

பெடல் கெட்டியாகவே பிடிக்கிறது, ஆனால் ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்தால் மெதுவாகக் கீழே போகிறது என்றால் இரண்டில் ஒன்று. எங்கேயோ ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப் அழுத்தத்தைத் தாங்காமல் ஆயிலைப் பின்னால் விடுகிறது. வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் இந்த இரண்டாவது கோளாறு இருக்க முடியும். பழைய சிலிண்டரில் புது ரப்பர் கிட் மட்டும் போட்டிருந்தால் சிலிண்டரின் உட்சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். துருப்பள்ளமும் கோடும் விழுந்திருந்தால் எத்தனை கிட் போட்டாலும் நிற்காது. இந்த நிலையில் வண்டியை லோடோடு எடுக்கவே கூடாது.

இனி நேர் எதிரான புகார். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கிறது, வண்டி நிற்கவில்லை. இது பூஸ்டர் சம்பந்தப்பட்டது. எஞ்சினை நிறுத்திவிட்டு நான்கைந்து முறை மிதியுங்கள். பெடல் கெட்டியாகும். காலை எடுக்காமல் அழுத்தியபடியே எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். காலடியில் பெடல் சற்று இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டருக்கு வேக்குவம் வரவில்லை, அல்லது பூஸ்டரே போய்விட்டது. டீசல் வண்டிகளில் பல ரகங்களில் வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆல்டர்னேட்டரைக் கழற்றி மாட்டிய வாரத்தில் பிரேக் கெட்டியானால் வேறெங்கும் தேட வேண்டாம், அந்தக் குழாய்களைப் பாருங்கள். ரேடியேட்டர் தண்ணீருக்குப் போடும் சாதாரண ஓஸை வெட்டி வேக்குவம் லைனுக்கு மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது உறிஞ்சும்போது உள்பக்கமாக ஒட்டிக்கொள்ளும், வெளியிலிருந்து பார்த்தால் நன்றாக இருப்பது போலவே தெரியும்.

டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விடும் டிரைவர்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. எஞ்சின் நின்றால் வேக்குவம் நின்றது. பூஸ்டரில் தேங்கியிருப்பது சில மிதிகளுக்குத்தான். அதன் பிறகு 5 டன்னைக் காலால் மட்டும் நிறுத்த வேண்டும். மிச்சமாகும் டீசலின் விலையை நாமே டிரைவருக்குக் கொடுத்துவிடலாம், அது நஷ்டமில்லை.

ஒரு பக்கம் இழுத்தால்

பிரேக் போட்டதும் வண்டி இடமோ வலமோ ஓடினால், ஓடுகிற பக்கத்தில் பிரேக் அதிகம், எதிர்ப்பக்கத்தில் குறைவு. காசை மிச்சம் பிடிக்க ஒரு சக்கரத்துக்கு மட்டும் லைனிங் அடிப்பதுதான் இதற்கு முதல் காரணம். லைனிங்கை எப்போதும் அச்சுக் கணக்கில் மாற்ற வேண்டும், வலதும் இடதும் சேர்த்து ஒரே கம்பெனியில். ஒரு பக்கம் டிரம்மை லேத்தில் கடைந்து, மறுபக்கத்தைக் கடையாமல் விட்டாலும் இதே கதைதான்.

இரண்டாவது காரணம் எண்ணெய்ப் பசை. லைனிங்கைக் கிரீஸ் கையோடு தொடுவது, ஹப்பில் கிரீஸை அளவுக்கு மீறி அடைப்பது, ஆயில் சீலைப் பழையதையே போடுவது, பின் அச்சின் ஆயில் சீல் வழியாக டிஃபரன்ஷியல் ஆயில் ஒழுகுவது ஆகிய எல்லாமே லைனிங்கைக் கெடுக்கும். ஆயில் ஊறிய லைனிங்கை நெருப்பில் காட்டி எரித்துவிட்டுத் திரும்பப் போடுவதை நாம் பார்த்திருக்கிறோம். மேல்பூச்சாக உலர்ந்த மாதிரி தோன்றும். டிரம் சூடேறியதும் உள்ளே ஊறிய ஆயில் வெளியே வரும். தூக்கிப் போட வேண்டிய பொருள் அது.

மூன்றாவது, சாமான் மாறிப் போவது. பார்வைக்கு ஒன்று போலிருக்கும் இரண்டு வீல் சிலிண்டர்களின் உள்விட்டம் மாறியிருக்கலாம். முன் ஷூ இருக்க வேண்டிய இடத்தில் பின் ஷூவையும், ரிட்டர்ன் ஸ்பிரிங்கை இடம் மாற்றியும் பூட்டியிருக்கலாம். ஒரு பக்கத்தை முழுக்க முடித்த பிறகே மறுபக்கத்தைக் கழற்ற வேண்டும் என்று நல்ல மெக்கானிக்குகள் சொல்லுவது இதனால்தான். கழற்றாத பக்கம் கண்ணெதிரில் படம் மாதிரி இருக்கும்.

பிறகு, எல்லாவற்றையும் தேடி அலைவதற்கு முன் டயரின் காற்றைப் பார்த்துவிடுங்கள். அரை மணி நேரம் தேடியது டயரில் இருந்ததும் உண்டு.

வண்டி பிடித்துக்கொண்டே ஓடினால்

காலை எடுத்த பிறகும் பிரேக் விடாமல் பிடித்திருந்தால் வண்டி இழுக்காது, டீசல் குடிக்கும், ஒரு சக்கரத்திலிருந்து காரல் வாடை வரும். நம் பகுதியில் இதன் விபரீதம் கூடுதல். ஏற்றத்திலேயே சூடான டிரம்மோடு வண்டி இறக்கத்தைத் தொடங்குகிறது.

ஒரே சக்கரம் என்றால் அந்தச் சக்கரத்தின் அட்ஜஸ்டர், துருப்பிடித்த சிலிண்டர் பிஸ்டன், தொய்ந்த ரிட்டர்ன் ஸ்பிரிங், ஹேண்ட் பிரேக் கேபிள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ரப்பர் ஓஸும் காரணமாகலாம். பழைய ஓஸ் உள்பக்கம் வீங்கினால் கால் அழுத்தத்துக்கு ஆயிலை உள்ளே விடும், திரும்பி வர விடாது. சக்கரத்தைத் தூக்கிப் பிளீடர் நிப்பிளை லேசாகத் திறந்தால் ஆயில் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டுவிடும். அப்படியானால் குற்றம் ஷூவில் இல்லை, அழுத்தம் லைனில் சிறைப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

நான்கு சக்கரமும் சேர்ந்து பிடித்தால் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் போக வேண்டும். புது மாஸ்டரைப் பூட்டும்போது பெடல் ராடுக்குச் சற்றே விளையாட்டு விட வேண்டும். அது இல்லாமல் இறுக்கிவிட்டால் பிஸ்டன் முழுக்கப் பின்னால் வராது, ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் துவாரம் மூடியே இருக்கும். ஆயில் சூட்டில் விரிய விரியப் பிரேக் தானே இறுகும். காலையில் கடையிலிருந்து கிளம்பும்போது நன்றாக ஓடிய வண்டி, நடுவட்டம் தாண்டுவதற்குள் நின்றுபோவது இப்படித்தான்.

ஓட்டத்துக்குப் பிறகு நான்கு டிரம்முக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். தொட வேண்டாம். மற்றதைவிட ஒன்று அதிகம் சுட்டால் அது பிடிக்கிறது, ஒன்று குளிர்ந்தே இருந்தால் அது வேலையே செய்யவில்லை. சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். வார்ப்பிரும்பு வெடிப்பு விடும்.

ஆயில் விஷயம்

பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் இல்லை. டாட் 3, டாட் 4 என்று டின்னில் போட்டிருக்கும் இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் சேராத டாட் 3 குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு இவை 230, 155. ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் நனைந்துகொண்டே இருக்கும் கூடலூர், ஓவேலி மாதிரி இடத்தில் மூடி சரியாக இல்லாத ஆயில் டப்பா எவ்வளவு ஈரம் குடிக்கும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. உப்பு மூட்டை வைத்திருக்கும் கடைக்காரருக்கு அது தெரிந்த சமாச்சாரம்.

நீண்ட இறக்கத்தில் ஆயில் கொதித்தால் லைனில் ஆவி உண்டாகிறது. ஆவியும் காற்றைப் போல அமுங்கும். பெடல் தரைக்குப் போய்விடும். அரை மணி நேரம் நிறுத்தி ஆறவிட்டால் ஆவி மறுபடி திரவமாகிப் பெடல் கெட்டியாகிவிடும். மறுநாள் பட்டறையில் மெக்கானிக் மிதித்துப் பார்த்து, "பிரேக் நன்றாகத்தானே இருக்கிறது, டிரைவர் பயந்துவிட்டான்" என்பார். இந்தப் புகாரோடு வரும் டிரைவரை நம்புங்கள். இறக்கத்தில் மட்டும் வந்து, ஆறியதும் மறைகிற கோளாறு ஒன்று உண்டு. அது ஆயிலில் இருக்கும், அல்லது பிடித்துக்கொண்டே ஓடும் ஷூவில் இருக்கும்.

இதிலும் மோசம், எஞ்சின் ஆயிலையோ வேறு தாது எண்ணெயையோ பிரேக் டப்பாவில் ஊற்றிவிடுவது. ரப்பர் கப் எல்லாம் ஊதிப் பெருத்து இறுகிக்கொள்ளும். அந்த எண்ணெயை வடித்துவிட்டு நல்ல ஆயிலை ஊற்றினால் சரியாகாது. லைனைக் கழுவி, மாஸ்டரிலிருந்து சக்கரம் வரை எல்லா ரப்பரையும் ஓஸையும் மாற்றித்தான் ஆக வேண்டும். சிலிண்டரைத் திறந்து டீசலிலும் பெட்ரோலிலும் கழுவும் பழக்கமும் இதற்குத் தம்பிதான். புதுப் பிரேக் ஆயிலிலேயே கழுவலாம், அல்லது மெதிலேட்டட் ஸ்பிரிட்டில் கழுவிக் காயவைக்கலாம். பிளீட் செய்து பிடித்த ஆயிலை வடிகட்டித் திரும்ப ஊற்றுவது நாலு காசு மிச்சம் போலத் தோன்றும். நம் கடையில் சிந்திய எண்ணெயைக் கூட்டி அள்ளி விற்கமாட்டோம் அல்லவா?

புது லைனிங் உடனே பிடிக்காது

ஒன்றும் தப்பாகப் பொருத்தாமலே கூட, லைனிங் அடித்த முதல் சில நாள் பிரேக் மந்தமாக இருக்கும். பழைய டிரம் தேய்ந்து அகன்றிருக்கிறது. கடைந்தால் இன்னும் அகலும். புது ஷூவின் வளைவு அதோடு முழுக்க ஒட்டாது. நடுவில் மட்டுமோ ஓரத்தில் மட்டுமோ தொடும். ஷூவில் சாக்கட்டியைத் தேய்த்து டிரம்முக்குள் வைத்து நகர்த்திப் பார்த்தால் எங்கே தொடுகிறது என்று தெரியும். அதற்கேற்பத் தேய்த்துக் கொடுக்கத் தெரிந்த பட்டறை கிடைத்தால் விடாதீர்கள். டிரம்மில் அதிகபட்ச விட்டம் அச்சிட்டிருக்கும். அதைத் தாண்டிக் கடைந்த டிரம்மை எடைக்குப் போட்டுவிட வேண்டும். மெலிந்த டிரம் சூட்டையும் தாங்காது, அழுத்தத்தையும் தாங்காது.

அதன் பிறகு லைனிங்கைப் பழக்க வேண்டும். லோடு இல்லாமல், சமமான சாலையில், 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மிதமாக மிதித்து 10-க்குக் கொண்டுவந்து, சற்று ஓட்டி ஆறவிட்டு, மறுபடி மிதிப்பது என்று இருபது முப்பது தடவை செய்ய வேண்டும். அப்படிச் செய்த பிறகு ஷூ அமர்ந்திருக்கும், ஆகவே இன்னொரு முறை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். பட்டறையிலிருந்து நேரே மண்டிக்குப் போய் லோடு ஏற்றி, அன்றிரவே நடுவட்டம் இறங்குகிற வண்டியில் லைனிங் பழகாது, கருகும். கருகிய லைனிங்கின் முகம் கண்ணாடி மாதிரி பளபளப்பாகி, பிறகு எவ்வளவு மிதித்தாலும் வழுக்கும்.

இங்கே முதலாளிமார்களிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "சாயங்காலத்துக்குள் வண்டி வேண்டும், சம்பள நாள் வருகிறது" என்று பட்டறை வாசலில் நின்று நெருக்குகிறவர்கள் வியாபாரிகள்தான். நெருக்கினால் மெக்கானிக் பெரிய வேலையை முடிப்பார், சின்ன வேலையை விடுவார். பிரேக்கில் ஆளைக் காப்பதும் கொல்லுவதும் அந்தச் சின்ன வேலைகளே. மைசூரிலிருந்து சரக்கு எடுப்பவர்களுக்கு இன்னொரு நெருக்கடி, பந்திப்பூர்க் காட்டுச் சாலை 2009 முதல் இரவு 9 மணிக்கு மூடிக் காலை 6 மணிக்குத்தான் திறக்கிறது. வாசல் மூடுவதற்குள் தாண்டிவிட டிரைவர் விரட்டுவார். சாலையில் யானை நிற்கும். அந்த இடத்தில் பழகாத லைனிங்கை நம்பி என்ன செய்வது? வேலை முடிந்த வண்டிக்கு ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்குங்கள். அந்த ஒரு நாளுக்கு வாடகை வண்டி பேசிக்கொண்டாலும் போகட்டும்.

காற்றுப் பிரேக் லாரிகள்

மொத்த வியாபாரிகளின் பெரிய லாரிகளில் ஆயிலுக்குப் பதில் காற்று வேலை செய்கிறது. இவற்றிலும் லைனிங் மாற்றிய பிறகு வரும் முதல் கோளாறு அட்ஜஸ்ட்மென்டுதான். ஸ்லாக் அட்ஜஸ்டர் தளர்ந்திருந்தால் சேம்பரின் தண்டு முழு நீளமும் வெளியே வந்தும் ஷூ டிரம்மை எட்டாது. ஒருவர் மிதிக்க, ஒருவர் நின்று தண்டு எவ்வளவு வெளியே வருகிறது என்று இரு பக்கமும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்துவிட வேண்டும், ஊட்டிக் குளிரில் இது மிகவும் முக்கியம். ஹேண்ட் பிரேக்குக்கான ஸ்பிரிங் சேம்பரை மட்டும் தெரியாதவர் திறக்கக் கூடாது. உள்ளே சுருட்டி வைத்திருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும் வலிமை கொண்டது.

அசலும் போலியும், பில்லும் சட்டமும்

பிரேக் சாமானும் லைனிங்கும் செய்யும் நாட்டின் பெரிய கம்பெனிகள் நம் சென்னைப் பாடியிலேயே இருக்கின்றன. அசல் கிடைக்காத ஊரில் நாம் இல்லை. இருந்தும் போலி விற்கிறது, விலை குறைவு என்பதால். அட்டைப்பெட்டியின் அச்சு மங்கல், எழுத்துப் பிழை, பில் கொடுக்கத் தயக்கம் ஆகிய அடையாளங்களை மளிகைக்காரருக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். சோப்பிலும் டீத்தூளிலும் நாம் பார்க்காத போலியா?

பில்லைப் பத்திரமாக வைக்கச் சொல்லுவதற்கு வேறு காரணமும் உண்டு. விபத்து நடந்து, "திடீரென்று பிரேக் பிடிக்கவில்லை" என்று சொன்னால் உரிமையாளரின் பொறுப்பு தீர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 1977-லேயே ஒரு வழக்கில் இதைத் தெளிவாக்கிவிட்டது. இயந்திரக் கோளாறைக் காரணம் காட்டும் உரிமையாளர், அது வெளியில் தெரியாத கோளாறு என்றும், நியாயமான கவனத்தோடு பார்த்திருந்தாலும் அகப்பட்டிருக்காது என்றும் தாமே காட்ட வேண்டும். கவனமாகப் பார்த்தோம் என்பதற்கு வாய்ச் சொல் போதாது. எந்தத் தேதியில் எந்தச் சாமான் மாற்றினோம், யார் அட்ஜஸ்ட் செய்தார், எத்தனை கிலோமீட்டரில் மறுபடி பார்த்தோம் என்று வண்டிக்கென ஒரு நோட்டு வேண்டும். கடன் நோட்டு வைத்திருக்கும் நமக்கு இது பெரிய காரியமில்லை.

2018-ல் திருத்திய விதிப்படி சரக்கு வண்டிக்கு எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையும், அதற்கு மேல் வருஷா வருஷமும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும். அந்தச் சான்று அன்றைய தேதிக்கான சாட்சி. அடுத்த மாதம் வீல் சிலிண்டர் ஒழுகினால் அது காப்பாற்றாது. அளவுக்கு மீறிய பாரத்துக்கு 2019-ன் திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலே 2,000 ரூபாய். 50 கிலோ சர்க்கரை மூட்டை பத்து கூடினால் அரை டன். எல்லாம் சரியாக இருக்கும் பிரேக்குக்கே அந்த அரை டன் பாரம்தான். மூட்டை மேல் உட்கார்ந்து வருகிற லோடுமேன்களின் எடையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

பட்டறையிலிருந்து வண்டியை எடுக்கும்போது கழற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்கி வாருங்கள். புது சிலிண்டரின் அளவில் சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் கையில் இருக்கும். பணம் கொடுக்கும் முன் நீங்களே ஏறி உட்கார்ந்து ஒரு முறை, உடனே மறுமுறை, பிறகு ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்து, கடைசியாக எஞ்சினை அணைத்துப் போட்டு என்று நான்கு விதமாக மிதித்துப் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை. மெக்கானிக் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.